விளக்கும் நெய்யும்: கடற்கரை மீட்புக்கு நிதி கொடுப்பது பற்றி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



என் வேலை இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். தியாகராய நகரில் ஓர் அறக்கட்டளையின் அலுவலகம். கடலோரச் சூழல் பணிகளுக்கு நிதி கேட்டு வரும் விண்ணப்பங்களைப் படிப்பது, இடத்தைப் போய்ப் பார்ப்பது, இதற்குக் கொடுக்கலாம், இதற்கு வேண்டாம் என்று அறங்காவலர்களுக்கு எழுதிக் கொடுப்பது, கொடுத்த பிறகு கணக்குக் கேட்பது. சன்னலுக்கு வெளியே ரங்கநாதன் தெருவுக்குப் போகும் கூட்டம்; மேசைமேல் சதுப்பு நிலம். கல்யாண வீடுகளில் என்னைப் பார்க்கும் சொந்தக்காரர்கள், “அடுத்தவங்க பணத்தை எடுத்துக் கொடுக்கிற உத்தியோகம், உனக்கென்னம்மா” என்பார்கள். மறுக்க முடியாது. ஆனால் ஒன்று. கடற்கரையில் தப்பாகக் கொடுத்த பணம் வெறுமனே வீணாய்ப் போவதில்லை. மரமாகவோ கல்லாகவோ சுவராகவோ அங்கேயே நின்று, இருபது முப்பது வருஷம் கெடுதல் செய்யும். அதனால்தான் இந்தப் பேச்சு.

கல்வெட்டு படித்தவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள்; பிழை இருந்தால் திருத்துங்கள். சோழர் காலத்தில் ஒரு கோயிலில் நுந்தா விளக்கு, அதாவது அணையாத விளக்கு, எரிய வேண்டுமென்று ஒருவர் நினைத்தால், விளக்கை வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடமாட்டார். 90 ஆடு கொடுப்பார், அல்லது 96. அந்த ஆடுகளை இன்ன இடையர் ஏற்றுக்கொண்டார், நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளப்பார் என்று கல்லில் வெட்டிவிடுவார்கள். கிழடு சாகும், குட்டி அந்த இடத்தை நிரப்பும், மந்தையின் எண்ணிக்கை குறையாது. சாவா மூவாப் பேராடு என்றே கல்வெட்டு அதைக் குறிக்கும். விளக்கின் எடையைச் சொல்லும் கல்வெட்டுகளும் உண்டுதான். ஆனால் கொடுத்தவர் கவலைப்பட்டது நெய்யைப் பற்றி, அதை அளக்கப்போகிற ஆளைப் பற்றி, அந்த ஆளுக்குப் பிறகு யார் என்பதைப் பற்றி. ஏரிக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். ஓடம் வைத்து வண்டல் அள்ளிக் கரையில் போடுவதற்கென்று பொன்னும் நிலமும் ஒதுக்கி, அதன் வட்டியில் வேலை நடக்க வழி செய்திருக்கிறார்கள். உத்திரமேரூர்ச் சபையில் ஏரிக்கென்றே தனி வாரியம் இருந்தது நமக்கெல்லாம் பள்ளிக்கூடப் பாடம்.

இன்றைக்கு என் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை விளக்கு கேட்பவை. நெய் கேட்பவர் குறைவு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நாங்கள் அச்சடித்துக் கொடுக்கும் படிவத்தில் நெய்க்குப் பத்தியே கிடையாது. ‘நடப்படும் கன்றுகளின் எண்ணிக்கை’ என்று ஒரு கட்டம் இருக்கும். மூன்றாம் வருஷம் அவற்றில் எத்தனை உயிரோடு இருக்கும், யார் பார்த்துக்கொள்வார், அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று கேட்கும் கட்டம் இருக்காது. கேட்காததை யார் எழுதுவார்?

இதனால் என்ன ஆகும் என்பதற்கு நம் கரையே சாட்சி. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். லஸ் பக்கத்து இந்த மண்டபத்திலிருந்து சிறிது தூரத்தில்தான் நொச்சிக்குப்பமும் பட்டினப்பாக்கமும் சீனிவாசபுரமும். உலகெங்குமிருந்து பணம் வந்தது. நல்ல மனசோடு வந்த பணம். கடலுக்கும் ஊருக்கும் நடுவே மரச்சுவர் எழுப்ப வேண்டும் என்று ஒரு முடிவு எடுக்கப்பட்டது. கைக்கு எட்டிய மரம் சவுக்கு. நாம் பிறந்ததிலிருந்து பார்ப்பதால் சவுக்கை நம்மூர் மரம் என்று நினைத்துக்கொள்கிறோம். 1860களிலிருந்து ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டுமென்று இந்தக் கரை நெடுகப் பரப்பப்பட்ட மரம் அது. சீக்கிரம் வளரும், வரிசையில் நிற்கும், வெட்டினால் காசு. புகைப்படத்தில் பச்சைச் சுவராகத் தெரியும். பல இடங்களில் மணல்மேட்டின் மேலேயே, அலை ஏறி வரும் எல்லைக்குப் பக்கம் வரை நட்டார்கள்.

மணல்மேடு வெறும் மணல் அல்ல. பெசன்ட் நகரிலிருந்து தெற்கே நடந்து, கூட்டம் கலைந்த இடத்தில் குனிந்து பாருங்கள். அடும்பங்கொடி படர்ந்திருக்கும், இலை ஆட்டுக் குளம்பைப் போல நடுவில் பிளந்திருக்கும், பூ ஊதா. காற்று மணலைக் கொண்டுவந்து கொடியின்மேல் போடும். கொடி மூச்சுமுட்டிச் சாகாது. புதைந்த கணுவிலேயே வேர் விட்டு மேலே ஏறும். மறுபடி மணல் விழும், மறுபடி ஏறும். பக்கத்தில் ராவணன் மீசை. கை வைத்தால் குத்தும் புல், அதன் காய்ந்த முள்ளுருண்டை காற்றில் உருண்டு போய் வேறோர் இடத்தில் விதை போடும். இந்த இரண்டும் சேர்ந்து மணலைப் பிடித்து வைத்ததுதான் மேடு. புயலில் அலை அதைக் கரைக்கும், அடுத்த வருஷக் காற்றில் அது தானே வளரும். சவுக்குத் தோப்புக்குள் போய்ப் பாருங்கள்; உதிர்ந்த ஊசி இலை மெத்தைபோல் கிடக்கும், அடியில் அநேகமாக எதுவும் முளைக்காது. முட்டையிட வரும் ஆமைக்குத் திறந்த மணல் வேண்டும். வேரும் நிழலும் அதற்கு ஆகாது. கடலோர ஆய்வாளர்கள் அப்போதே இதை எழுதினார்கள். ஆனால் நன்கொடையாளர்களுக்குப் போன அறிக்கையில் இத்தனை ஹெக்டேர், இத்தனை கன்று என்றுதான் இருந்தது. அந்த அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. கேள்வி அப்படி.

மணல்மேட்டைக் காக்க என்ன செலவாகும்? மூங்கில் வேலி கொஞ்சம், கார் ஏறாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், அந்த ஆளுக்கு மாதாமாதம் சம்பளம். இதில் எதிலும் நன்கொடையாளர் பெயர்ப்பலகையை மாட்ட முடியாது. பிரச்சினையில் பாதி அதுதான்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு நகரத்தை விட்டு இருநூறு கிலோமீட்டர் தெற்கே போக வேண்டியிருக்கிறது. ஆனால் கதை தொடங்குவது நம் தரமணியில். 1987இல் முதல் உலக உணவுப் பரிசைப் பெற்ற வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன், அந்தப் பணத்தை முதலாக வைத்து 1988இல் தம் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனத்தார் 1990களில் சிதம்பரம் பக்கத்துப் பிச்சாவரத்தில் அலையாத்திக் காடு ஏன் அழிகிறது என்று பார்க்கப் போனார்கள். அதுவரை சொல்லப்பட்டு வந்த காரணம் எளியது: ஊர்க்காரர்கள் விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள். காட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் ஊரை விலக்க வேண்டும் என்பது அதன் முடிவு.

அவர்கள் கண்ட காரணம் வேறு. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை காட்டைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறையும் மொட்டையாக வெட்டிவந்தது வனத்துறையே. மரம் போன இடத்தில் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. சேறு காய்ந்து இறுகியது, தரை அமிழ்ந்தது, நடுவில் குழிந்த தாம்பாளம்போல ஆனது. ஓதம் ஏறும்போது கடல்நீர் உள்ளே வரும். இறங்கும்போது வெளியேற வழி இல்லை. நம் கரையில் ஏற்றவற்றம் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள்தான். அதனால் சாண் அளவு பள்ளமே நீரைப் பிடித்துவைக்கப் போதும். தேங்கிய நீர் வெயிலில் ஆவியாகி உப்பு மேலும் மேலும் ஏறியது. உப்பில் வாழப் பிறந்த வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்துக்கே தாங்காத உப்பு. அங்கே லட்சம் கன்று நட்டாலும் லட்சமும் சாகும்.

எனவே முதல் வேலை நடுவது அல்ல, வெட்டுவது. ஓதம் வரும் ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதன் இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள். ஓதம் ஏறினால் நீர் எல்லா மூலைக்கும் போகும், இறங்கினால் உப்பை அலசிக்கொண்டு திரும்பும். கன்று வந்தது அதற்கப்புறம். இந்தப் பணிக்கு இந்திய கனடா சுற்றுச்சூழல் நிதியம் பணம் கொடுத்தது. வனத்துறையும் ஊர்க் குழுக்களும் கூட்டுப் பொறுப்பு ஏற்றன. நேற்றுவரை குற்றவாளி என்று சொல்லப்பட்ட ஊர்க்காரர்களே வாய்க்கால் வெட்டினார்கள், காவல் இருந்தார்கள். எனக்கு இதில் பிடித்த விஷயம், பணம் கொடுத்தவர்களின் பொறுமை. “முதல் வருஷம் என்ன செய்தீர்கள்?” “பள்ளம் தோண்டினோம்.” இந்தப் பதிலை வாங்கிக்கொண்டு இரண்டாம் வருஷப் பணத்தையும் அனுப்பும் நிதியாளர்கள் எத்தனை பேர்?

இந்தக் கதைக்குப் பின்பகுதி ஒன்று உண்டு. பெரும்பாலும் யாரும் அதைச் சொல்வதில்லை. வாய்க்கால் தூர்ந்துபோகும். வெள்ளம் கொண்டுவரும் வண்டல், அலை தள்ளும் மணல், உதிரும் இலை எல்லாம் அதில்தான் சேரும். சில வருஷத்துக்கு ஒருமுறை தூர் வாரவில்லையென்றால் நீர் மறுபடி தேங்கும், உப்பு மறுபடி ஏறும். ஆகவே திட்டம் முடிந்தது என்று எழுதிக் கோப்பைக் கட்டும் நாள்தான் ஆபத்தான நாள். ஏரிக்கு ஓடம் வைத்து வண்டல் அள்ளப் பொன் ஒதுக்கியவர்களுக்கு இந்த நாளைப் பற்றித் தெரிந்திருந்தது.

சுனாமிக்குப் பிறகு பிச்சாவரத்துக்குப் பெரிய பெயர் வந்தது. அலையாத்திக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005இல் ஆய்வுகள் வெளியாயின. அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்ததே காரணம் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். எனக்கு இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருப்பதாகத் தோன்றுகிறது. ஆனால் நிதி உலகம் விவாதத்தைப் படிக்கவில்லை. தலைப்பை மட்டும் படித்தது. அன்றிலிருந்து அலையாத்தி நடுவது ஒரு மோகம். அலையாத்தி எந்தக் காலத்திலும் இல்லாத திறந்த மணல் கரையிலும் அதை நட்டுத் தருகிறோம் என்று விண்ணப்பம் வருகிறது.

சரி, நிதியாண்டின் நாட்காட்டிக்கு வருகிறேன். என் வேலையில் அன்றாடத் தலைவலி அது.

2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிகரச் சொத்தோ விற்றுமுதலோ லாபமோ உள்ள கம்பெனிகள் கடந்த மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. சுற்றுச்சூழலும் அந்தப் பட்டியலில் உண்டு. சிஎஸ்ஆர் பணம் என்று இப்போது கிராமத்துப் பஞ்சாயத்திலும் பேசுகிறார்கள். நல்ல சட்டம். ஆனால் கம்பெனியின் வருஷம் மார்ச் 31இல் முடிகிறது. அதற்குள் செலவழிக்க வேண்டும் என்ற அவசரத்தில் பிப்ரவரியில் எங்களுக்குத் தொலைபேசி வரும்: “மேடம், மார்ச்சுக்குள்ள ஒரு பிளான்டேஷன் பண்ணிடலாமா?” சென்னையில் மழை அக்டோபரில் தொடங்குகிறது. கன்று நடுவதென்றால் மழையை ஒட்டி நட வேண்டும். மார்ச்சில் நட்டால் அடுத்தது அக்னி நட்சத்திரம். லாரித் தண்ணீர் ஊற்றி ஏப்ரல் வரை ஓட்டலாம். படம் எடுத்தாயிற்று, பயன்பாட்டுச் சான்று கையெழுத்தாயிற்று. ஜூனில் அந்தப் பக்கம் போனால் காய்ந்த குச்சியும் கறுப்பு பிளாஸ்டிக் பையும்.

இதற்குச் சட்டத்தைக் குற்றம் சொல்லக்கூடாது. ஒரு வேலையைத் தொடர்பணி என்று அறிவித்தால், தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டு வரை பணத்தைத் தனிக் கணக்கில் வைத்துச் செலவழிக்க 2021இல் விதியே வழி செய்துவிட்டது. கதவு திறந்திருக்கிறது, உள்ளே போகத்தான் ஆளில்லை. வருஷா வருஷம் புதிதாக ஒன்றைத் திறந்துவைப்பதில் இருக்கும் சந்தோஷம் பழையதைப் பேணுவதில் இல்லை.

நாட்காட்டி இன்னும் வேடிக்கையாவது ஆமை விஷயத்தில். நம் கரைக்கு வரும் பங்குனி ஆமை ஜனவரியில் முட்டையிடத் தொடங்கும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். பொரிய ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். கடைசிக் குஞ்சுகள் கடலுக்குப் போக ஏப்ரல், மே ஆகிவிடும். அதாவது முட்டை ஒரு நிதியாண்டில், குஞ்சு அடுத்த நிதியாண்டில். மார்ச் 31 அன்று என் கணக்குப்படி வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. மணலுக்கடியில் முட்டை இருக்கிறது, அவ்வளவுதான். தணிக்கையாளருக்கு இதை எந்தத் தலைப்பில் காட்டுவது?

ஆமை முட்டைகளைத் தேடி இரவில் கரையில் நடக்கும் ஆமை நடை சென்னையின் பழைய பழக்கம். 1970களில் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் இரவில் கரையில் நடந்து முட்டைகளை எடுத்துப் பாதுகாக்கத் தொடங்கினார்கள். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே அதைச் செய்துவருகிறது. நள்ளிரவில் ஈர மணலில் ஆமை ஏறிப்போன தடத்தைக் கண்டுபிடித்து, அது மூடி மறைத்துவிட்டுப் போன இடத்தைக் குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்து, மணல் இளகும் இடத்தில் கை விட்டு, குடுவை வடிவக் குழியிலிருந்து முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் அதே வடிவத்தில் குழி தோண்டி வைப்பார்கள். கரையில் விளக்கு எரிகிற வரை குஞ்சுகளைத் தாமாகக் கடலுக்குப் போகச் சொல்ல முடியாது. வெளிச்சம் இருக்கும் பக்கம் திரும்பிவிடும், அது தெருவிளக்காக இருந்தாலும். பொறுக்கி எடுத்துக் கொண்டுபோய் அலை ஓரத்தில் விட வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு கிடையாது. டார்ச், வேலி, டீ, விடிகாலையில் வீடு திரும்ப வண்டிச் செலவு. இந்த மாதிரி இடத்தில் பெரிய பணம் புகுந்தால் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறேன். முதலில் சம்பளம் வரும், பிறகு மேலாளர் வருவார், பிறகு மேலாளருக்கு நேரமில்லாத இரவில் நடக்க ஆள் இருக்காது. சில நல்ல காரியங்களுக்கு நிதியாளர் செய்யக்கூடிய உதவி தள்ளி நிற்பது. அதே சமயம், எல்லாவற்றையும் தன்னார்வத்தின் தலையில் கட்டுவதும் நியாயம் இல்லை. கல்லூரி மாணவருக்கு அது சேவை. குப்பத்து இளைஞருக்கு ஓர் இரவுத் தூக்கம் போனால் மறுநாள் தொழில் போயிற்று. ட்ரீ பவுண்டேஷன் போன்றவர்கள் மீனவ இளைஞர்களைக் கடலாமைக் காவலில் சேர்த்தது இதைப் புரிந்துகொண்ட வழி.

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியபோது எல்லோரும் பேசினார்கள். இழுவலையில் மாட்டி மூச்சுத் திணறிச் சாவதே பெரும்பாலும் காரணம் என்றார்கள் கவனித்தவர்கள். பொரிப்பகத்துக்கு எவ்வளவு நன்கொடை கொடுத்தாலும் தாய் ஆமை வலையில் செத்தால் கணக்கு நேராகாது. வலையில் ஆமை தப்பிக்கும் கருவி பொருத்துவதும், கரையை ஒட்டி விசைப்படகு வராமல் பார்ப்பதும் அரசின் வேலை. அதைச் செய்யச் சொல்லிக் கேட்கிற அமைப்புக்கு நாங்கள் பணம் கொடுக்கலாமா? பல அறக்கட்டளைகள் தயங்குகின்றன. கேள்வி கேட்பவருக்குக் கொடுப்பதைவிட முட்டை பொறுக்குபவருக்குக் கொடுப்பது பாதுகாப்பு. இந்தத் தயக்கத்தை அடக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெளிநாட்டுப் பணம் வேறு கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். 2020இல் திருத்தப்பட்ட அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கக்கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, முன்பு 50. முன்பெல்லாம் அடையாற்றில் ஒரு பெரிய அமைப்பு பணம் வாங்கி, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதி, பழவேற்காட்டிலோ முத்துப்பேட்டையிலோ இருக்கும் சின்னக் குழுவுக்குப் பகிர்ந்து கொடுக்கும். அந்தப் பாலம் இப்போது இல்லை. சின்னக் குழுவுக்குத் தானே பதிவு செய்யத் தெம்பு இருக்க வேண்டும், இருப்பதில்லை. ஆகவே உள்ளூர்ப் பணத்தின் பொறுப்பு கூடியிருக்கிறது. மயிலாப்பூரிலும் ஆழ்வார்பேட்டையிலும் பெட்டியில் தூங்கும் எத்தனையோ சின்னக் கட்டளைகளை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

யாரிடம் வாங்குவது என்பதும் ஒரு கேள்வி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழியில் எண்ணெய் பரவியபோது மீனவர்கள் கையால் வழித்து எடுத்ததைப் பார்த்தோம். ஒரு கழியைக் கெடுத்தவர் அதைச் சீராக்கக் கொடுக்கும் பணம் இழப்பீடு. அதை நன்கொடை என்று பெயர் மாற்றி, பொன்னாடை போர்த்தி வாங்கக்கூடாது. கணக்கில் இரண்டும் ஒரே பக்கத்தில் வந்துவிட்டால் அடுத்த முறை கெடுப்பதற்கு அது முன்பணம் ஆகிவிடும்.

இனி நம் அடையாறு. கழிமுகத்தை ஒட்டிய ஓடையில் கட்டடக் கழிவும் குப்பையும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரை மீட்டு, 2011 ஜனவரியில் திறந்தது அடையாறு பூங்கா. தொல்காப்பியப் பூங்கா என்று பெயர். அரசுப் பணத்தில், 2006இல் அமைத்த தனி அறக்கட்டளை வழியாக நடந்த வேலை; பின்னாளில் அதுவே சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை ஆனது. முதலில் குப்பையை எடுத்தார்கள், நீர் வந்துபோக வழி செய்தார்கள், பிறகே இந்த மண்ணுக்குரிய செடிகளை வைத்தார்கள். இஷ்டத்துக்கு உள்ளே போய் உட்கார முடியாது என்று சிலருக்குக் கோபம். எனக்கு அந்தக் கட்டுப்பாடு சரி என்றே படுகிறது; நகரில் பறவைக்கென்று ஒரு மூலை இருக்கட்டும். ஆற்றுக்கு அந்தக் கரையில், 1882இல் அடையாற்றுக்கு வந்த தியசாபிகல் சொசைட்டியின் தோப்பு கழிமுகத்தின் தென்கரையை நூறு வருஷத்துக்கு மேல் கட்டடம் ஏறாமல் காத்திருக்கிறது. சூழல் மீட்பு என்ற பேச்சே இல்லாத காலத்தில், நிலத்தை வைத்துக்கொண்டு விற்காமல் இருந்ததே ஒரு கொடை.

ஆனால் பூங்காவையும் தோப்பையும் வாழவைப்பது முகத்துவாரம். கடலோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்காக வருஷத்தில் பெரும்பகுதி மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆற்றில் நீர் வரத்துக் குறையும் கோடையில் அந்த மணல் வாயை அடைத்துவிடும். அடைந்தால் ஓதம் உள்ளே வராது. உள்ளே மிஞ்சுவது சாக்கடை. வாய் திறந்திருந்தால் இறாலும் மடவையும் ஏறி வரும், வெண்கண்டல் தானாகவே முளைக்கும். கழிமுகத்தில் அலையாத்தி நடுவதற்கான ஒரு விண்ணப்பத்தைப் பார்க்க அந்தப் பக்கம் போயிருந்தபோது, உடைந்த பாலத்தருகே வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் விவரம் சொன்னேன். தலை நிமிராமல் கேட்டுவிட்டு, “செடியெல்லாம் அப்பால வைக்கலாம்மா. வாய் அடைச்சிக்கினு கீது, அத்த மொதல்ல பாருங்க” என்றார். பிச்சாவரத்தில் விஞ்ஞானிகள் பல வருஷம் ஆராய்ந்து கண்டதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். தெண்டி, வன்னி என்று நீரோட்டத்துக்குப் பெயர் வைத்திருப்பவர்களுக்கு அது பாடம் இல்லை, பிழைப்பு.

வாயைத் திறந்துவைப்பது நன்கொடையில் நடக்கிற காரியம் அல்ல. இயந்திரமும் அரசும் வேண்டும். ஆற்றில் சாக்கடை கலக்காமல் தடுப்பதும் அப்படியே. அரசு செய்ய வேண்டியதைச் சின்னக் கட்டளை செய்யப் போனால் இரண்டும் கெடும். ஆனால் யாரும் செய்யாத ஒரு வேலை இருக்கிறது: கூடவே இருந்து பார்த்துக்கொண்டிருப்பது. பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்ளுங்கள். குப்பைமேடு என்று ஊரே ஒதுக்கிய சதுப்பு நிலம் 2022இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் தலமானது. 2000இல் தொடங்கிய கேர் எர்த் அமைப்பும் அதை நிறுவியவர்களில் ஒருவரான ஜெயஸ்ரீ வெங்கடேசனும் அந்தச் சதுப்பை விடாமல் அளந்து, பறவையை எண்ணி, வரைபடம் போட்டு, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியது இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல். 2025இல் அவருக்கு ராம்சர் விருது கிடைத்தபோது எல்லோரும் கை தட்டினோம். இடையில் இருந்த அந்த வருஷங்களில், ஓர் ஆய்வாளரின் மாதச் சம்பளத்துக்கு யாராவது தொடர்ந்து கொடுத்திருந்தால் என்பது என் தொழில்முறைப் பெருமூச்சு.

அடையாற்றுக்கு நான் ஒரு சின்னத் திட்டம் எழுதினேன். கழிமுகத்து மீனவ இளைஞர் ஒருவர், ஒரு நோட்டுப் புத்தகம். முகத்துவாரம் என்றைக்கு அடைந்தது, என்றைக்குத் திறந்தது, மழையில் தானாக உடைந்ததா, பொக்லைன் வந்து வெட்டியதா, மணல் எந்தப் பக்கம் ஏறியது, அன்றைக்கு என்ன மீன் ஏறியது, என்ன காற்று. தினம் ஒரு பக்கம், பத்து வருஷம். அவருக்கு மாதச் சம்பளம், வருஷத்துக்கு ஒருமுறை நோட்டைப் படித்துப் பார்க்க ஒரு நீரியல் அறிஞருக்குப் படி. அறங்காவலர் கூட்டத்தில் கேட்டார்கள்: முடிவில் என்ன கிடைக்கும்? பத்து நோட்டுப் புத்தகம் கிடைக்கும் என்றேன். கன்று எத்தனை? ஒன்றும் இல்லை. படம்? நோட்டைப் படம் எடுத்துக்கொள்ளலாம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தலைவர், வயதானவர், இரண்டு வருஷத்துக்கு ஒப்புக்கொண்டார்.

மிச்சம் எட்டு வருஷத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். பெயர்ப்பலகை வைக்க இடம் இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வேண்டுமானால் நோட்டின் அட்டையில் எழுதிக்கொள்ளலாம். கூட்டம் முடிந்ததும் காபி கொடுக்கும் இடத்தில் நிற்பேன்.